பிரிக்காத பொட்டலம்

பெண்ணையாற்றங்கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதில் உண்ணாமலை என்ற பெண் துறவி இருந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் சுற்று வட்டாரத்தில் தலை நரைத்தவர்கள்கூட அவரைத் தாயே என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவருடைய சீடர்களில் ஆண்டியப்பன் ஒருவன். செங்கல் சூளைக்காரன். அந்தத் தாயாரைவிடப் பத்து வயது மூத்தவன். தொழிலில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் பூக் கேட்காமல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டான்.

பூக் கேட்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோலப் பொட்டலம் கட்டி, நூல் சுற்றி, சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம், காட்சி என்றால் ஊரே பூக் கேட்கும்தான். ஆண்டியப்பனோ மண் வெட்டக் கேட்பான், கிணறு தூர் வாரக் கேட்பான், மாடு வாங்கக் கேட்பான், அந்த மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாற்றவும் கேட்பான்.

"என்னைக் கட்டிக்கறதுக்கு மட்டுந்தான் இந்த மனுசன் பூக் கேக்கல. எங்கப்பாரு அவசரப்படுத்திட்டாரு" என்று அவன் மனைவி வீராயி சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் அப்போது. பிறகு ஒரு கோடையில், வெள்ளைப் பூ வந்து மூட்டிய சூளை ஒன்று மழையில் நனைந்து பாழாய்ப் போனது. அதோடு ஆண்டியப்பன் ஒடிந்துபோனான். அடுத்த கோடையில் பூக் கேட்டான், சிவப்பு வந்தது. அதற்கடுத்த கோடையிலும் சிவப்பு. சூளைக் களத்தில் முள் மண்டியது. வீராயி பக்கத்து ஊர்ச் சூளைக்குக் கல் சுமக்கப் போனாள். அவன் மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டு, சீடன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பெருக்கின வாசலையே மறுபடி பெருக்குவான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

களம் ஊர்ப் பொது நிலம். அந்த வருடம் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் களத்தில் சூளைப் புகை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் களம் வேறு ஆளுக்கு. ஆண்டியப்பனின் அப்பனும் பாட்டனும் மண் மிதித்த இடம் அது. அது கைவிட்டுப் போனால் சூளைக்காரன் என்ற பெயரும் போய்விடும். அப்புறம் அவனும் வீராயிக்குப் பின்னால் அடுத்தவன் சூளைக்குக் கல் சுமக்கப் போக வேண்டியதுதான்.

மறுநாள் காலை அவன் இரண்டு பொட்டலங்களோடு தாயார் முன்னால் வந்து நின்றான்.

"தாயே, சூளை போடலாமான்னு கடைசியா ஒரு தடவை பூக் கேக்கறேன். நீங்க எடுங்க. என் கை ராசியில்லாத கை."

தாயார் ஒரு பொட்டலத்தை எடுத்தார். மற்றதை ஆற்றில் விட்டார். எடுத்ததைப் பிரிக்கவில்லை. விளக்கு மாடத்தில் வைத்தார்.

"பிரிங்க தாயே."

"வெள்ளையா இருந்தா என்ன செய்வ?"

"நாளைக்கே மண்ணு வெட்டுவேன்."

"களம் எப்பிடி இருக்குது?"

"முள்ளு மண்டிக் கெடக்குது."

"அப்ப வெள்ளைன்னாலும் நாளைக்கு மண்ணு வெட்ட முடியாது. முள்ளை வெட்டிட்டு வா."

ஆண்டியப்பன் அரிவாளை எடுத்தான். போய் முள்ளை வெட்டினான். கையெல்லாம் கீறலோடு திரும்பி வந்தான்.

"இப்பப் பிரிங்க தாயே."

"மண்ணு எப்பிடி?"

"பாக்கல."

"ஆத்துல வெள்ளம் வந்து போயிருக்குதே. மேல மணலு ஏறியிருந்தா?"

அவன் போய்த் தோண்டிப் பார்த்தான். மணல் ஏறித்தான் இருந்தது. அதை வாரிக் கொட்டிவிட்டு இன்னும் தோண்டினான். அடியில் பழைய களிமண் பிசுபிசுவென்று இருந்தது. ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தான். மண் விரலோடு ஒட்டி வந்தது. அவனையறியாமல் முகர்ந்தும் பார்த்தான். மடத்துக்கு வரும்போது அந்த உருண்டை கையிலேயே இருந்தது.

"மண்ணு நல்லாருக்குது தாயே."

"ஊறப் போட்டியா?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன தாயே, வெளயாடறீங்களா? உள்ள சிவப்பா இருந்தா இம்புட்டுப் பாடும் வீண்தானே?"

"சிவப்பா இருந்தா வெட்டின முள்ளு மறுபடி ஒட்டிக்குமா?"

அவன் விருட்டென்று போனான். கோபத்தோடுதான் தண்ணீர் இறைத்தான். கோபத்தோடுதான் மண்ணை ஊறப் போட்டான். அது ஊறின பிறகு இறங்கி மிதிக்கத் தொடங்கினான். முழங்கால் வரை சேறு. மிதிக்க மிதிக்கக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனின் காலை வீராயி பார்த்தாள். காய்ந்த சேற்றைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் அவள் பக்கத்து ஊர்ச் சூளைக்குப் போகவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் சேற்றில் இறங்கினாள்.

"பூவு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் பிரிக்கல."

"பிரிக்காமயா மண்ணு மிதிக்கற?"

"தாயாரு பிரிக்க மாட்டேங்குது."

வீராயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மண்ணை மிதித்தாள். ஆண்டியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மண்ணை அச்சில் போட்டுக் கல் அறுத்தார்கள். களம் முழுக்க வேகாத பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்தது. வெயில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கல்லையும் புரட்டி வைத்தான். இப்போதெல்லாம் மடத்துக்குப் போக நேரமே இல்லை. ஆனால் கல் காயக் காய அவனுக்குள் பழைய பயமும் ஏறிக்கொண்டே வந்தது. அடுக்கித் தீ வைக்கிற காரியம் பாக்கி இருந்தது. தீயில்தான் போன தடவை எல்லாம் போயிற்று.

ஒரு நண்பகலில் அவன் மடத்துக்கு வந்தான். தாயார் இல்லை. மாடத்தில் பொட்டலம் அப்படியே இருந்தது. எடுத்தான். காற்று மாதிரி இருந்தது, கனமே இல்லை. நூலின் முடிச்சில் நகத்தை வைத்தான்.

"பிரிச்சுக்கோ" என்று பின்னால் குரல் கேட்டது.

தாயார் ஈரத்துணியும் தண்ணீர்க் குடமுமாக நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"நீ கொண்டாந்த பொட்டலந்தானே. பிரிச்சுக்கோ. சிவப்பா இருந்தா அறுத்த கல்லை என்ன செய்வ?"

ஆண்டியப்பன் யோசித்தான். "மறுபடி தண்ணில கரைச்சு மண்ணாக்கணும்."

"ஆக்குவியா?"

அவன் கண் முன்னால் கற்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவன் விரலோ வீராயியின் விரலோ பதிந்திருந்தது.

தாயார் குடத்தை இறக்கி வைத்தார்.

"போன தடவை மழை வந்தப்ப நீ எங்க இருந்த?"

ஊரில் யாரும் இதை அவனிடம் கேட்டதில்லை. எல்லாரும் மழையைத்தான் திட்டினார்கள்.

"அம்மன் கோயில்ல."

"எதுக்கு?"

"பூக் கேக்க. தென்னங்கீத்துப் போட்டு மூடலாமா, வேணாமான்னு."

"என்ன வந்துச்சு?"

"வெள்ளை தாயே. மூடச் சொல்லித்தான் வந்துச்சு. நான் திரும்பி ஓடியாந்தப்ப மூடறதுக்கு ஒண்ணுமில்ல. வீராயி மட்டும் மழையில நின்னுகிட்டு இருந்தா."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தாயார் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவன் குடித்தான். பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

சூளை அடுக்கினார்கள். சுற்றிலும் மண் பூசினார்கள். ஆனி மாதம் முடியப் போகிற நேரம். ஆண்டியப்பன் தன் கையாலேயே தீ வைத்தான். புகை எழுந்து பனை உயரத்துக்கு மேலே போனது. ஊரில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். களம் தப்பியது. ஆனால் புகை தெரிந்தால் போதுமா, கல் வேக வேண்டுமே.

தீ நன்றாகப் பிடித்திருந்த ஒரு பிற்பகலில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஈர வாடையோடு வீசியது. வீராயி வானத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

ஆண்டியப்பனின் கால் கோயில் பாதைப் பக்கம் திரும்பியது. பழகின கால். நாலு எட்டு வைத்தும்விட்டான். வீராயி கூப்பிடவில்லை. போன தடவையும் அவள் கூப்பிடவில்லை.

அவன் நின்றான். அம்மனைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. இங்கே நின்றால் அந்த நிம்மதி இல்லை. எது வந்தாலும் அவன்தான் பார்த்தாக வேண்டும்.

திரும்பி ஓடி வந்தான்.

"வீராயி, கம்பைப் பிடி!"

இருவரும் கம்பு நட்டார்கள். கீற்றுப் படலைத் தூக்கிச் சாய்த்துக் கட்டினார்கள். பாதி கட்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கயிறு வழுக்கியது. மேற்கு மூலையில் ஒரு படலைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அவன் இன்னொன்றை எடுத்து அங்கே தோளால் முட்டுக்கொடுத்து நின்றான். முதுகில் மழையும் முகத்தில் அனலுமாக, மழை ஓயும் வரை நகரவில்லை.

புகை நிற்கவில்லை.

சூளை ஆறியதும் பிரித்தார்கள். மேற்கு மூலைக் கல் எல்லாம் வெடித்துப் போயிருந்தது. மற்றவை நன்றாக வெந்திருந்தன. தட்டினால் கணீரென்றன. வீராயி ஒரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஆண்டியப்பன் ஒரு கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனான். தாயார் பாதத்தில் வைத்து வணங்கினான். தாயார் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மாடத்திலிருந்த பொட்டலத்தை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"உன்னுது."

ஆண்டியப்பன் முடிச்சை அவிழ்த்தான். இலை சருகாகி நொறுங்கியது. உள்ளே ஒரு பூ இருந்தது. சுருங்கிக் கருத்து, மண் நிறத்தில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எந்தப் பூவுன்னு தெரியலையே தாயே."

"எனக்கும் தெரியாது."

தாயாரின் பார்வை அவன் இடுப்புக்குப் போனது. வேட்டி மடிப்பு லேசாகப் புடைத்திருந்தது.

"மடியில என்ன?"

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மெல்ல அவிழ்த்து எடுத்தான். நூல் சுற்றிய இரண்டு புதுப் பொட்டலங்கள்.

"அடுத்த சூளைக்கு, தாயே."

தாயார் கையை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

"இதையும் காய வைக்கறேன். நீ போயி மண்ணைப் பாரு."