யாரையும் கும்பிடாதவர்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டில், கோயில் மணியே ஒலிக்காத ஒரு கோடைக்காலம் வந்தது.

அந்த நாட்டு அரசன் பெயர் விசயகேது. அவனுக்கு ஒரே ஒரு மகள். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். அரசன் கோயில் கோயிலாக அபிஷேகம் செய்வித்தான். ஈரத் துணியோடு பிராகாரத்தில் உருண்டான். குழந்தை பிழைக்கவில்லை.

காரியங்கள் முடிந்ததும் அரசன் நாட்டிலுள்ள எல்லாக் கோயில்களையும் பூட்டி அரக்கு முத்திரை வைக்கச் சொன்னான். வாசல்தோறும் காவலர்கள் நின்றார்கள். தெருவில் கைகூப்பியவனுக்குச் சாட்டையடி விழுந்தது. சாமி பெயர் தவறி வந்துவிடுமோ என்று ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு தும்மினார்கள்.

ஒரு நாள் சபையில் அரசன் திடீரென்று கேட்டான்: "தெய்வத்தை நம்பாமல் மனிதனால் வாழ முடியுமா, முடியாதா?"

முடியும் என்றால் பாவம் வந்து சேரும், முடியாது என்றால் சாட்டை வந்து சேரும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அரசவை விகடகவி பூவணனுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. குழந்தை போனதிலிருந்து அரசன் சிரித்து அவன் பார்க்கவேயில்லை.

"சோறு இல்லாமல்தான் முடியாது அரசே" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரதானி நாகதேவர் மட்டும் எழுந்து நின்றார். அரசனுக்கு அடுத்த இடம் அவருடையது. ஆனால் அரசன் காதுக்கு அடுத்த இடம் பூவணனுடையதாக இருப்பது அவருக்கு நெடுநாளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"அரசே, விகடகவி இவ்வளவு உறுதியாகச் சொல்வதானால் அப்படி ஒருவரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அழைத்து வரட்டுமே. ஒருவரால் முடிந்தது எல்லோராலும் முடியும். பிறகு இந்தக் கோயில்கள் எதற்கு? இடித்துவிடலாம். அழைத்து வராவிட்டால், தங்கள் துயரத்தை அவர் கேலி செய்தார் என்றே பொருள்."

அரசன் பூவணனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைத் தவிர வேறு ஏதோ இருந்தது. "என் நாட்டில் இருக்கும் ஒருவர். எந்தத் தெய்வத்தையும் கும்பிடாதவர், என்ன வந்தாலும் எந்தத் தெய்வத்தையும் கூப்பிடாதவர். அடுத்த பௌர்ணமிக்குள் என் முன்னால் நிறுத்து. இல்லையென்றால் உன் தலை உனக்கில்லை."

"கைக்குழந்தை கூடாது" என்றார் பிரதானி. "பித்துப் பிடித்தவர் கூடாது. பிணமும் கூடாது."

எந்தக் கதவையும் திறக்க வைக்கும் முத்திரை மோதிரத்தை வாங்கிக்கொண்டு பூவணன் வெளியே வந்தான்.

முதலில், தெய்வம் இல்லை என்று வாதம் செய்தே பேர் வாங்கிய ஒரு பண்டிதரிடம் போனான். விஷயத்தைச் சொன்னதும் பண்டிதர் முகம் வெளுத்தது. "அரண்மனைக்கா? போனால் உயிரோடு திரும்புவது அந்த ஆண்டவன் கையில்..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். சிறையில் இருந்த திருடனைக் கேட்டான். "காளியைக் கும்பிடாமல் ஒரு சுவரிலும் கை வைத்ததில்லைங்க" என்றான் அவன் ரோஷமாக.

பூவணனுக்குச் சோறு இறங்கவில்லை. "தூக்கத்துல முருகா முருகான்னு புலம்புறீங்க. வாசல்ல காவல்காரன் நிக்கிறான், மெதுவா" என்றாள் அவன் மனைவி. தானே அந்த ஒருவராகப் போய் நிற்கவும் முடியாது என்பது அவனுக்குப் புரிந்துபோயிற்று.

நிலா வளர்ந்துகொண்டே வந்தது. ஊர் ஊராக அலைந்தவன் ஒரு நாள் ஆற்றைக் கடக்கப் பரிசலில் ஏறினான். துடுப்புப் போட்டவள் கொற்றி என்ற நடுவயதுப் பெண். நடு ஆற்றில் சுழி பரிசலைப் பிடித்துச் சுற்றியது. ஏறியிருந்தவர்கள் சாட்டையை மறந்து அவரவர் சாமியைக் கூப்பிட்டு அலறினார்கள். பூவணனும் கண்ணை மூடிக்கொண்டு "முருகா!" என்று கத்தினான். கண்ணைத் திறந்தபோது கொற்றி ஒருத்திதான் வாய் திறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பை வலித்துக்கொண்டிருந்தாள். பரிசல் கரை சேர்ந்தது.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவன் கேட்டான். "அம்மா, நீங்க யாரையும் கூப்பிடலையே?"

"கூப்பிட்டு நாளாச்சு. போன வெள்ளத்துல என் வீட்டுக்காரரும் ரெண்டு புள்ளைங்களும் போனாங்க. அன்னிக்குத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிடத் தோணலை."

"கோபமா?"

"கோபப்பட அங்க யாராவது இருக்கணுமே" என்றாள் அவள் சாதாரணமாக. "அழுகை வந்தா அழறேன். விடிஞ்சா பரிசலை எடுக்கறேன். அவ்வளவுதான்."

பூவணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தேடிய ஆள் கிடைத்துவிட்டாள். தலை தப்பியது. அந்த நிம்மதியோடுதான் கரையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு கிழவர், பூட்டிய கோயிலின் பின்சுவரில் யாருக்கும் தெரியாமல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார். கொற்றியைச் சபையில் நிறுத்தினால் மறுநாளே கடப்பாரைகள் கிளம்பும். இடிகிற ஒவ்வொரு கோயிலுக்கும் ஜனங்கள் இவளைத்தான் சபிப்பார்கள். இந்த ஆற்றங்கரையில் இவளை வாழவிடுவார்களா?

"எதுக்குய்யா கேட்டீங்க?" என்றாள் கொற்றி.

"சும்மாதான்மா. இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். சிறிது தூரம் போனதும் தன் தலை நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் அழைத்து வந்துவிடலாமா என்று இரண்டடி திரும்பவும் செய்தான். பிறகு வழியோர மரத்தடியில் உட்கார்ந்து அரசன் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். கட்டளையில் 'மனிதர்' என்று அரசன் சொல்லவேயில்லை. 'என் நாட்டில் இருக்கும் ஒருவர்' என்றுதான் சொன்னான்.

பௌர்ணமியன்று காலை சபை நிறைந்திருந்தது. கொலைவாளோடு ஒருவன் தூணோரம் நின்றான். பிரதானி புதுப் பட்டு உடுத்தி வந்திருந்தார். பூவணன் உள்ளே நுழைய, பின்னால் நான்கு பேர் திரை போட்ட ஒரு பல்லக்கைச் சுமந்து வந்து இறக்கினார்கள்.

"அரசே, தாங்கள் கேட்டவர் வந்திருக்கிறார். இந்நாட்டில் நெடுங்காலமாக இருப்பவர். கைக்குழந்தை இல்லை, பிணமும் இல்லை. வாழ்நாளில் ஒரு தெய்வத்தையும் கும்பிட்டதில்லை, கூப்பிட்டதும் இல்லை."

திரையை விலக்கினான். உள்ளே பெரிய கோயில் ஈசுவரனின் உற்சவ மூர்த்தி.

ஒருவர் கை தானாகக் குவியப் போய், பாதியில் பயந்து இறங்கியது.

"முத்திரையை உடைத்திருக்கிறான்!" என்று பிரதானி கத்தினார்.

"எந்தக் கதவையும் திறக்க மோதிரம் தந்தது அரசர், பிரதானியாரே. நாடு முழுக்கத் தேடினேன். எல்லோருக்கும் ஆபத்தில் கூப்பிட ஒரு தெய்வம் இருக்கிறது. இவருக்கு மட்டும்தான் இல்லை. பிள்ளையாரை அழைத்து வந்திருந்தால் அப்பா அம்மாவைச் சுற்றி வந்தவர் என்று தாங்கள் மடக்கியிருப்பீர்கள். அதனால் அப்பாவையே அழைத்து வந்தேன்."

"இது வெறும் செம்பு!"

"வெறும் செம்புக்கா இத்தனை பூட்டும் காவலும்?"

அரசன் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "வாயை மூடு! என் குழந்தையைக் காப்பாற்றாத இவரையா என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாய்?"

வாள்காரன் ஓரடி முன்னால் வந்தான். ஆனாலும் பூவணன் சொன்னான்: "அரசே, இவர்மேல் தங்களுக்கு இருக்கும் கோபம் இந்நாட்டில் வேறு யாருக்கும் இல்லை. இல்லாத ஒருவரிடம் யார் இத்தனை நாள் சண்டை போடுவார்கள்?"

அரசன் மூர்த்தியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான்.

"பூவணா, எதற்காக அப்படி ஒருவரைக் கேட்டேன் தெரியுமா? கோயிலைப் பூட்டிவிட்டேன். என் கையைப் பூட்ட முடியவில்லை. விடிந்தால் தானாகக் குவிகிறது. கும்பிடாமல் இருப்பது எப்படி என்று ஒருவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது." குரலைத் தாழ்த்தினான். "உண்மையைச் சொல். மனிதரில் ஒருவரும் அகப்படவில்லையா?"

பூவணன் தயங்கினான். பிரதானியின் காது நீள்வது தெரிந்தது. "ஒருவர் இருக்கிறார் அரசே. பெயரைக் கேட்காதீர்கள்."

"வாழ முடிகிறதா அவரால்?"

"முடிகிறது. வலிக்கிறது. அழுகிறார். ஆனால் நன்றாகவே வாழ்கிறார். அவரால் தங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது அரசே. தங்கள் கையைத் தாங்கள் பிடித்துவைக்க முடியாததுபோல, அவர் கையை அவரால் குவிக்க முடியாது."

அரசன் தலையாட்டினான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூவணனுக்குப் போட்டான். எல்லா முத்திரைகளையும் உடைக்கச் சொன்னான். போகிறவன் போகட்டும், போகாதவனை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்று பறையறையச் சொன்னான். மூர்த்தியைத் திரும்பச் சுமந்து போகும் நால்வரில் ஒருவராகப் பிரதானியைப் போட்டான். பட்டு கசங்க, பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் தோள் கொடுத்தார்.

அரசன் பல்லக்கின் பின்னாலேயே கோயில்வரை நடந்தான். ஜனங்கள் திபுதிபுவென்று உள்ளே ஓடினார்கள். அவன் மட்டும் கோபுர வாசலில் நின்றுவிட்டான்.

"உள்ளே வரவில்லையா அரசே?"

"கோபம் இன்னும் தீரவில்லை பூவணா."

"அதனாலென்ன அரசே? இங்கேயே உட்கார்ந்து திட்டுங்கள். அவருக்குக் கேட்கும்."

அரசன் மறுபடியும் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, கோயில் படியில் உட்கார்ந்து திட்டத் தொடங்கினான்.