சிகாமணி பார்த்த ரேடார்

நான் கேட்டதைத்தான் சொல்றேன். இதுல பொய்யெல்லாம் சிகாமணியோடது. டீ மட்டும்தான் என்னோடது.

என் கடை மீன்பிடித் துறைமுகத்துல, படகு கட்டுற இடத்துக்கு நேர் எதிர்ல. அன்னைக்கு செங்கமலத்தம்மா படகுக்குப் புதுசா ரேடார் மாட்டியிருந்தாங்க. டிரைவர் வேலைக்கு ரெண்டு பேரு போட்டி. அஞ்சப்பன்னு ஒருத்தன், வாயே திறக்கமாட்டான். இன்னொருத்தன் இந்தச் சிகாமணி. எங்கயோ ஒரு ரேடார் நிலையத்துல ஆறு மாசம் வாசல் கேட்டுல காவலுக்கு நின்னுட்டு வந்தவன். அந்தம்மா கறாராச் சொல்லிட்டாங்க: "ஐஸ் ஏத்தி முடிச்சதும் யாரு படகுல நின்னு சூடம் கொளுத்துறீங்களோ, அவங்கதான் டிரைவர்."

"நான் இல்லாம ரேடாரை எவன் போடுவான்?"னு சிகாமணி என் கடைக்கு வந்து, படகுக்கு முதுகைக் காட்டி உக்காந்தான். எதிர் பெஞ்சுல மீன்காரி பட்டம்மா.

"ரேடார்னா ஒண்ணுன்னு நெனச்சியா அத்தை? அலை நீளத்துக்குத் தக்கன பேண்டு பேண்டாப் பிரிச்சிருக்கான். படகுல இருக்கறது எக்ஸ் பேண்டு. குட்டி அலை, பொடிப் பொருளும் பளிச்சுனு தெரியும். எட்டு மைலுக்கு அந்தப் பக்கம் மிதவை மேல ஒரு காக்கா. இடது கண்ணைச் சாச்சு என்னை மொறைக்குது!"

"உன் மூஞ்சி அதுக்கும் பிடிக்கல போல."

"கேளு அத்தை. பெரிய கப்பல்ல எஸ் பேண்டும் வைப்பான். அலை கொஞ்சம் நீளம், மழை மறைக்காது. ஒரு நாள் பேய்மழை. எஸ் பேண்டைப் போட்டேன், துளிக்கும் துளிக்கும் நடுவுல படகை விட்டேன். மேல்தட்டுல காயப்போட்ட கருவாடு நனையலை!"

ஐஸ் ஏத்துற குமரேசன் தூக்குவாளியில டீ வாங்க வந்தான். "அண்ணே, இன்னும் பத்து ஐஸ் பார்தான் ஏத்த பாக்கி."

"போடா, நான் இல்லாம கெளம்பிருவாங்களா?"

குமரேசன் போயிட்டான். நம்மாளு டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு அடுத்ததை எடுத்தான்.

"புயல் பாக்க சி பேண்டு. திரையில புயலோட கண்ணு என்னையே பாத்துச்சு. நானும் இமைக்காமப் பாத்தேன். அதுக்குக் கூச்சம் வந்து வடக்கே திரும்பிருச்சு. ரேடியோவுல, தானா திரும்புச்சுன்னு சொன்னான். என் பேரைச் சொல்லலை."

"ரேடியோக்காரனுக்காவது வெக்கம் இருந்திருக்கு."

"விமானத்தைத் தூரத்துலயே பிடிக்க எல் பேண்டு. அந்தமான் பக்கம் போற விமானத்துல ஒருத்தன் காப்பி குடிக்கிறான். சக்கரை போடலை. இங்கேருந்தே தெரிஞ்சுது!"

"கேட்டுல நின்ன பயலுக்கு யாருடா திரையைக் காட்டினா?"

"கேட்டுலதான் நின்னேன் அத்தை. கண்ணு உள்ளதான இருந்துச்சு!"

அப்பத்தான் பாத்தேன். படகோட முன்பக்கம் சூடம் எரியுது. பக்கத்துல அஞ்சப்பன். கயித்தை அவுத்துட்டான். என் வாய் பரபரத்துச்சு. ஆனா கயிறு அவுத்த பெறவு கரையில நிக்கிற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா படகுக்கு ஆகாதுன்னு எங்க வழக்கம். பட்டம்மா என்னை ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். வடை தட்ட ஆரம்பிச்சிட்டேன். அவளோ கன்னத்துல கை வச்சுக்கிட்டு, "அம்புட்டுதானா பேண்டு?"ன்னு கேக்குறா!

"கே பேண்டு இருக்கே! ரோட்டுல போலீசு வண்டி வேகம் பாக்குமே, அது. ஒரு தடவை கரையில நின்ன போலீசு என் படகுக்குக் குறி வச்சாரு. நம்பர் காட்ட இடம் பத்தாம மிஷினு புகைஞ்சிருச்சு!"

பின்னாடி எஞ்சின் உறுமுது. இவன் அதுக்கு மேல தொண்டையை ஏத்துறான்.

"அம்புட்டு வேகம் அத்தை! மீனோட துறைமுகத்துக்குள்ள திரும்பி வர்றேன், பாத்தா, நான் அப்பத்தான் கெளம்பிப் போயிட்டிருக்கேன்! எனக்கு நானே கை காட்டிட்டு வந்தேன்னா பாத்துக்கயேன்!"

பட்டம்மா கிளாசைக் கீழ வச்சா. கூடையைத் தூக்கி இடுப்புல வச்சா.

"அப்படியே திரும்பி இப்பவும் ஒரு கை காட்டுடா. படகு முகத்துவாரத்தைத் தாண்டிருச்சு. அதுல நீ இருக்கியான்னு பாத்துச் சொல்லு."