இடப்பக்க மூக்குத்தி

குருவுக்கு முப்பத்தொன்பது வயது. சீடனுக்கு நாற்பத்தேழு. குருவைச் சீடன் டீச்சர் என்பான். சீடனைக் குரு அண்ணாச்சி என்பாள். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

டீச்சரின் பெயர் பிலோமினா. சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்பு நடத்தினாள். சீடனின் பெயர் கோமதிநாயகம். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மனிதர்களை மட்டும்தான் வரைவான். மரம், மலை, பூச்சாடி என்று எதையும் தொடமாட்டான். கேட்டால், "அது என்ன திரும்பிப் பாக்கவா போகுது?" என்பான்.

அந்த வருஷம் மாவட்ட ஓவியக்கூடத்தில் மனித உருவ ஓவியங்களுக்கென்றே ஒரு கூட்டுக் கண்காட்சி வைத்தார்கள். சுற்று வட்டாரத்தில் இப்போது வரைந்துகொண்டிருக்கிற பத்துப் பன்னிரண்டு பேரின் படங்கள். எல்லாவற்றிலும் ஆட்கள். பாலத்துக்கு அடியில் தூங்குகிற ஆள், செல்போன் வெளிச்சம் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருக்கிற பெண், டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிற கிழவர். சில படங்கள் நன்றாக இருந்தன. சில சுமார். அவ்வளவுதான்.

வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற எதிர்ச்சுவருக்கு எல்லாருக்கும் ஆசை. அது கோமதிநாயகத்துக்குக் கிடைத்தது. அதில் இசக்கியம்மாளை மாட்டியிருந்தார்கள். அழைப்பிதழிலும் அவள் முகம்தான்.

இசக்கி அவன் மனைவி. போன வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அவளை வரைய உட்கார்ந்தான். டூட்டி முடிந்து வந்ததும் சாப்பாட்டைக்கூட மறந்து ஏழு மாதம் வரைந்தான். அவளுடைய போனில் கிடைத்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு. வேறு எந்தப் படத்தில் பார்த்தாலும் அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள், அல்லது குனிந்து யாருக்கோ பரிமாறிக்கொண்டிருந்தாள். இதில் மட்டும் நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

திறப்பு விழா சாயங்காலம். மதியமே பேச்சி வந்துவிட்டாள். பேச்சி இசக்கியின் தங்கை. அக்கா படம் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சங்கரன்கோவிலில் பஸ் ஏறி வந்திருந்தாள்.

உள்ளே வந்தவள் எதிர்ச்சுவரைத் தாண்டிப் போனாள். நிற்கவே இல்லை.

பக்கச் சுவரில் கோமதிநாயகத்தின் பழைய படம் ஒன்று இருந்தது. பூக் கட்டுகிற ஒருத்தி. அதன் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், இது அக்கா கைல்லா?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் உண்மை. பூக்காரியின் முகம் மார்க்கெட்டில் பார்த்த யாரோ ஒருத்தியுடையது. கைக்கு மட்டும் இசக்கியை உட்கார வைத்திருந்தான். அவன் வேலை செய்கிற விதமே அதுதான். முகம் வெளியிலிருந்து வரும். கை, கால், கழுத்து, சேலை மடிப்பு எல்லாவற்றுக்கும் வீட்டில் இசக்கி. "ஆடாத" என்பான். ஆடமாட்டாள். அடுப்பில் ஏதாவது தீய்ந்தால்தான் எழுந்து ஓடுவாள்.

"கட்டைவிரல் நகத்தைப் பாருங்க. கதவுல மாட்டிக் கறுத்துப்போச்சுல்லா, அதேதான். எப்படி அத்தான், அப்படியே இருக்கு!"

"அது கெடக்கட்டும். உங்கக்கா அங்க இருக்கா பாரு," என்று எதிர்ச்சுவரைக் காட்டினான்.

பேச்சி திரும்பினாள். பார்த்தாள். கிட்டே போனாள். பிறகு தள்ளி வந்தாள்.

"யாரு இது?"

"கேலி பண்ணாத பேச்சி."

"நான் எதுக்குக் கேலி பண்ணப் போறேன்? எங்க சாடைதான். எங்க பெரியம்மா மவ ஒருத்தி இப்படித்தான் இருப்பா. ஆனா அக்கா இல்ல."

"உங்கக்காதான். நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கேன். மூக்குத்தி எதுக்கு இந்தப் பக்கம் கெடக்கு?"

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். அக்காவுக்கு வலது மூக்குலா அத்தான். குத்தும்போது நாந்தான் கையைப் பிடிச்சிட்டு நின்னேன். வலி தாங்காம எனக்கு ஒண்ணு போட்டா பாருங்க, ரெண்டு நாளு கன்னம் வீங்கிக் கெடந்துச்சு."

பேச்சி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் சிரிப்பும் நின்றது.

"உங்களுக்குத் தெரியாதா?"

நெரிசல் பஸ்ஸில் யார் எந்த ஸ்டாப்பில் ஏறினான், எந்தச் சட்டைக்காரன் டிக்கெட் எடுக்காமல் ஜன்னலைப் பார்க்கிறான் என்று சொல்லக்கூடியவன் அவன். கண்ணை மூடிக்கொண்டான். இசக்கி வந்தாள். மூக்குத்தி இடப்பக்கம்.

சரி, கல்யாணத்தன்றைக்கு? இடப்பக்கம். அடுப்படியில் நின்று திரும்பிப் பார்க்கும்போது? இடப்பக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸ் அதைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாளே, அப்போது? அப்போதும் இடப்பக்கம்தான். சிரித்த முகம் வேறு. சாகக் கிடந்தவள் அன்றைக்கு எங்கே சிரித்தாள்?

அவன் பார்த்துக்கொண்டிருந்தது எதுவும் ஞாபகமே அல்ல. எல்லாம் அந்தப் படம். சேர்ந்து வாழ்ந்த பதினெட்டு வருஷத்துக்கும் அந்த ஒரே படம்.

டீச்சர் ஏணி மேல் நின்று வேறொருவரின் ஓவியத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அவன் கீழே போய் நின்றான்.

"டீச்சர், படத்தைக் கழட்டணும்."

"எந்தப் படத்தை?"

"இசக்கியை."

டீச்சர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுத்தாள். "இப்போவா? என்ன வெளையாடுதியளா அண்ணாச்சி?"

விஷயத்தைச் சொன்னான். அவள் இறங்கி வந்தாள்.

"மூக்குத்திதானே. அந்தப் பக்கம் மாத்தி வச்சிருங்க. பெயின்ட் என் பையில இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

அவள் நிஜமாகவே பிரஷ்ஷை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவன் படத்துக்கு முன்னால் போய் நின்றான். பிரஷ் மூக்குக்கு அருகில் போனது. நின்றது.

"பேச்சி, புருவத்துல தழும்பு எந்தப் பக்கம்?"

"அதுவும் மாறித்தான் கெடக்கு."

"வகிடு?"

"அக்கா கோண வகிடுலா எடுப்பா. அதுவும் மாறிக் கெடக்கு."

"சிரிச்சா உதடு எந்தப் பக்கம் தூக்கும்?"

பேச்சி முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் கையை நீட்டினாள். "போனைக் காட்டுங்க. இந்தப் போட்டோ யாரு எடுத்தது?"

"அவளே எடுத்துக்கிட்டது."

"செல்பியா?"

"ஆமா."

டீச்சர் போனைப் பார்த்தாள். பிறகு அதை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இசக்கியின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் மளிகைக் கடையின் பெயர். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிக் கிடந்தது.

"அவங்க போனு, எடுக்கிற ஆளையே இடவலமா மாத்திப் போட்டு வச்சிருக்கு. சில போனு அப்படித்தான். இதையா ஏழு மாசம் பாத்திய?"

"பாத்தேன்."

"இந்த எழுத்தைப் பாக்கலையா?"

"பின்னணி வேண்டாம்னு விட்டுட்டேன்."

டீச்சர் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அது அவனுக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றான். "ஒவ்வொரு வாரமும் படத்தைப் பாத்தியளே."

"படத்தைப் பாத்தேன். அவங்களை எங்க பாத்தேன்? எட்டு வருஷமா வகுப்புக்கு வாரிய. ஒரு நாள் கூட்டிட்டு வந்தியளா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கூடத்தின் பொறுப்பாளர் ஞானதுரை, ரோஜாப்பூத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தவர், இவர்கள் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"வேற போட்டோவுல இருந்து ஒண்ணு ஒண்ணா எடுத்துச் சேத்து மறுபடி வரைஞ்சிரலாம் டீச்சர். அது பிரச்சினை இல்ல," என்றான். "எனக்குக் கண்ணுக்குள்ள ஒருத்தி இருந்தா. நல்லாவோ மோசமாவோ, இருந்தா. அந்த எடத்துல இப்போ இந்தப் படம் ஒக்காந்திருக்கு. வரைஞ்சி வரைஞ்சி நானே அவளை அழிச்சிட்டேன். இனி நான் அவளை எங்க போயிப் பாக்க? அதைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

டீச்சர் எழுந்து போனாள். கை கழுவுகிற இடத்தில் பிளாஸ்டிக் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று இருந்தது. அதைக் கொக்கியிலிருந்து கழற்றினாள்.

ஞானதுரை ஓடி வந்தார். "மேடம், வர்றவங்க முகம் கழுவணும்!"

"கழுவட்டும். பாக்க வேண்டாம்."

கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, வாங்க. படத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க."

"அவளுக்கா?"

"என்னமோ புதுசாக் காட்டுத மாதிரி கேக்கிய."

அவன் நின்றான். டீச்சர் அவனுக்கு எதிரே கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன தெரியுது?"

கண்ணாடியில் சவரம் செய்யாத ஒரு முகம். காதோரம் நரை. கண்ணுக்குக் கீழே பை.

"என் மூஞ்சிதான் தெரியுது."

"வெலகுங்க."

விலகினான்.

"இப்போ?"

"என் தோளு. அவ காது கொஞ்சம்."

"இன்னும் வெலகுங்க. நீங்கதான் மறைக்கிய."

இன்னும் விலகினான். தான் முழுக்கக் கண்ணாடியை விட்டு வெளியே போகிறவரை விலகினான். அப்போது இசக்கி வந்தாள். மூக்குத்தி வலப்பக்கம். தழும்பு, வகிடு, சிரிப்பு எல்லாம் இடம் மாறி, அதனதன் இடத்துக்குப் போயிருந்தது.

அவன் காத்திருந்தான். நெஞ்சுக்குள் ஏதாவது உடையும் என்று பார்த்தான். ஒன்றும் உடையவில்லை. ஒரு பெண் இருந்தாள். லட்சணமாகத்தான் இருந்தாள். சிரிப்பு வேறு பக்கம் தூக்கியிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்போமே, பெயர் கேட்காமல் வந்திருப்போமே, அந்த மாதிரி ஒருத்தி.

"யக்கா!"

பேச்சியின் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது. அவள் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தாள். முகத்தின் மேல் விரலை வைத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். "யக்கா, யக்கா, எங்கக்கா," என்று கண்ணாடியின் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள்.

கோமதிநாயகம் அவளைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இது யாருன்னு எனக்குத் தெரியலை."

டீச்சர் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தாள்.

"அவங்க அழுது முடிக்கட்டும். அப்புறம் அவங்ககிட்டக் கேளுங்க அண்ணாச்சி, யாரு இதுன்னு."