போர்வை இல்லாத மடம்

வேலூர் மடத்தில் ஒருவன் மார்கழிக் குளிரில் செத்துப்போனான். பேர் அம்பலவாணன். வெறும் கல்தரை, ஒற்றை வேட்டி. அவ்வளவுதான்.

அந்த மடத்தை நடத்திய தாண்டவராயன் தை பிறந்ததும் நாகப்பட்டினத்துக்கு நடந்தே வந்தான். மூத்த மடம் அங்கே, கடலோரம். குருநாதர் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்கள் போட்ட விதியில் நான் மயிரிழை பிசகவில்லை."

"என்ன விதி?"

"போர்வை ஆகாது. நெருப்பு ஆகாது. பிச்சைக்கு உச்சிவெயிலில்தான் போகணும்."

"சித்திரையிலுமா?"

"சித்திரையிலும்தான். ரெண்டு பேர் தெருவிலேயே சுருண்டார்கள். பக்குவம் போதவில்லை என்று நினைத்தேன்."

"பக்குவமாம்! சோறாடா அது?"

தாண்டவராயன் தலை குனிந்தான். "இங்கேயும் இதே விதிதானே சாமி. ஒருவரும் சாகவில்லை. அங்கே மிச்சமிருப்பவர்களும் இருமிக்கொண்டு கிடக்கிறார்கள். எங்களிடம் என்ன குறை?"

"எழுந்திரு. மணலில் நில்."

நல்ல உச்சிப்பொழுது. மணல் சுட்டது. கால் மாற்றி மாற்றி நின்றான்.

"தண்ணீரில் இறங்கு."

குளிர்ந்தது.

"போய்ப் படு. விடியுமுன் மறுபடி நின்று பார்."

விடியுமுன் நின்றான். அதே மணல் பிணம்போலச் சில்லிட்டிருந்தது. கடலில் கால் வைத்தான். வெதுவெதுப்பு.

திரும்பி வந்தபோது குருநாதர் விழித்து, மறுபடி கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"கடல் மெள்ளச் சுடும், மெள்ள ஆறும். நிலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. உன் ஊர் சித்திரையில் எரிகிற அடுப்பு, மார்கழியில் அவிந்த அடுப்பு. இந்த ஊருக்கு வெயிலில் விசிறுவதும் கடல், குளிரில் போர்த்துவதும் கடல். நான் என்றைக்கடா போர்வை இல்லாமல் படுத்தேன்?"

தாண்டவராயன் கடலைத் திரும்பிப் பார்த்தான். குருநாதர் விடவில்லை.

"விதி போட்டவன் கடலோரத்தான். குளிரில் கிடந்தவர்கள் நீங்கள். ஒருத்தனுக்குமா உறைக்கவில்லை?"

"ஒருத்தனுக்கு உறைத்தது சாமி, ஒச்சப்பனுக்கு. எங்கேயோ கம்பளி வாங்கிவந்து அம்பலவாணனுக்குப் போர்த்தினான். விதியை மீறினான் என்று துரத்திவிட்டேன்."

"கம்பளி?"

"அதையும் உருவி வெளியே எறிந்தேன்."

குருநாதர் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"போ. அவனைத் தேடிப்பிடித்துக் காலில் விழு. இனி அந்த மடம் அவனுடையது. விதியையும் அவனே போடட்டும். என்னைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள்."

தை முடிவதற்குள் வேலூர் மடத்தில் கணப்பு எரிந்தது. இருமிக்கொண்டே சுற்றி உட்கார்ந்தார்கள். அம்பலவாணன் படுத்த இடம் மட்டும் காலி. தாண்டவராயன் கடைசியில், நெருப்பு எட்டாத மூலையில்.

அவனையும் கையைப் பிடித்து இழுத்து அனல் பக்கம் உட்கார வைத்தான் ஒச்சப்பன்.