கூவுபாறையில் ஏறிய நீர்நாய்

முள்ளிமடு ஏரியைச் சுற்றி வாழ்ந்த விலங்குகள் எல்லாம் விடிந்ததும் காது கொடுப்பது கூவுபாறைப் பக்கம்தான். அருவியை ஒட்டி நிற்கும் அந்தப் பாறையின்மேல் நின்று யார் எதைச் சொன்னாலும், குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பிக் காடு முழுவதும் கேட்கும்.

பாறை கிண்கிணி என்ற மலை மைனாவின் பொறுப்பில் இருந்தது. நேற்று புலி எந்தப் பக்கம் போனது, எந்த அத்திமரம் பழுத்திருக்கிறது, காட்டு அவை என்ன முடிவு எடுத்தது என்று வரிசையாகச் சேதி சொல்லும். அதன் பிறகு அவையில் பதவி வகிக்கும் யாரையாவது அழைத்துக் கேள்வி கேட்கும்.

அடிக்கடி அழைக்கப்பட்டது நெடுவாலன் என்ற நீர்நாய். ஏரியும் ஏரிக்கரையும் அதன் பதவிக்கு உட்பட்டவை.

“போன மழையில் கிழக்குக் கரையில் மண் சரிந்ததே, சரிசெய்தாகிவிட்டதா?” என்று கிண்கிணி கேட்கும்.

“வேலை நடந்துகொண்டிருக்கிறது.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள்.”

நெடுவாலனின் மீசை துடிக்கும். ஆனாலும் காடே கேட்டுக்கொண்டிருக்கும்போது பதில் சொல்லாமல் நழுவ முடியாது. இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே அது தினமும் கரையை ஒரு தடவை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வரும்.

ஒரு கோடையில் கிண்கிணி கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை பாறைக்கு வர முடியாது என்று அவைக்குச் சொல்லி அனுப்பியது.

அவை கூடியது. தலைமை வகித்தது பெரிய மானான மிளா. “அதுவரை பாறையை யார் பார்த்துக்கொள்வது?” என்று மிளா கேட்டது.

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றது நெடுவாலன்.

“அது எப்படி? அவையில் பதவி வகிப்பவர் பாறையிலிருந்து சேதி சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறதே?”

“நான் சேதி சொல்கிறேன் என்று எப்போது சொன்னேன்? சேதியைத் தேன்சிட்டு சொல்லட்டும். அது முடிந்ததும் நான் வந்து கொஞ்ச நேரம் எல்லோருடனும் பேசிக்கொண்டிருப்பேன். பேசக் கூடாது என்று விதி இருக்கிறதா?”

மிளா யோசித்தது. அப்படி ஒரு விதி இல்லை.

“சண்டையுள்ள விஷயம் என்றால் இரண்டு பக்கத்தாரையும் பேசவிட வேண்டும். அந்த விதி பேச்சுக்கும் உண்டு” என்றது மிளா.

“அதற்கென்ன, நாலு பக்கத்தாரையும் பேச விடுகிறேன்.”

அவையில் சிரிப்பு எழுந்தது. கரடி எழுந்து நின்றது. “நெடுவாலன் நன்றாகப் பேசும். நமக்கும் தினமும் புலி வந்தது, பழம் பழுத்தது என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொஞ்சம் சிரித்துவிட்டுப் போவோமே. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?” என்றது.

யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலையில் தேன்சிட்டு கீச்சுக் குரலில் சேதி சொல்லி முடித்தது. நெடுவாலன் பாறைமேல் ஏறி, மீசையை நீவிவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தது. மரத்தில் முதுகு சொறியும் கரடி எப்படி முனகும் என்று செய்து காட்டியது. தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மிரண்டு ஓடிய காட்டுப்பன்றியின் கதையைச் சொன்னது. கரடிக்கே சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூன்றே நாளில் காடு முழுவதும் இதே பேச்சு. தேன்சிட்டு சேதி சொல்லும்போது, “சீக்கிரம் முடி, நெடுவாலன் வரட்டும்” என்று குரங்குகள் கத்தின. தேன்சிட்டும் பயந்துபோய் நாளுக்கு நாள் சேதியைச் சுருக்கிக்கொண்டே வந்தது.

நான்காம் நாள் நெடுவாலன் புதிதாக ஒன்று செய்தது.

“இன்று நம்மிடம் பேச வந்திருப்பவர் ஏரிப் பொறுப்பாளர் நெடுவாலன்” என்று அறிவித்தது. உடனே பாறையின் மறுபக்கம் தாவி உட்கார்ந்து, “வணக்கம்” என்று குரலை மாற்றிச் சொன்னது. திரும்பவும் இந்தப் பக்கம் தாவியது.

“ஐயா, கரை எப்படி இருக்கிறது?”

அந்தப் பக்கம் தாவியது. “இந்தப் பாறையைப் போல இருக்கிறது.”

“உங்கள் வேலைப் பளு எப்படி?”

“அதை ஏன் கேட்கிறீர்கள், சாப்பிடக்கூட நேரமில்லை.”

அது இப்படியும் அப்படியும் தாவிய அழகைப் பார்த்து விலங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. கேட்டதும் சொன்னதும் ஒரே ஆள்தானே என்று யாருக்கும் உறைக்கவில்லை.

நெடுவாலன் பொய் சொல்லவில்லை. கிழக்குக் கரையில் மண் சரிந்த இடத்தைச் சரிசெய்து முடித்துக் கடைசியாகப் பார்த்தபோது கரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சு தொடங்கிய பிறகு அதற்குக் கரைப்பக்கம் போகவே நேரம் கிடைக்கவில்லை. காலையில் பேச்சு. அது முடிந்தால் பாராட்ட வருகிறவர்களின் கூட்டம். கூட்டம் கலைந்தால் நாளைக்கு என்ன சொல்லிச் சிரிக்கவைப்பது என்ற யோசனை. கரையைப் பற்றிக் கேட்கவும் யாரும் இல்லை.

கிழக்குக் கரையின் அடியில் வடிவு என்ற நண்டு வளை தோண்டி வாழ்ந்துவந்தது. ஒருநாள் அதன் வளைக்குள் தண்ணீர் கசிந்தது. ஏரிக்கரையில் கசிவு புதிதல்ல. தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. ஆனால் இந்த நீர் கலங்கலாக வந்தது. கரைக்கு உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது என்று வடிவுக்குப் புரிந்துவிட்டது.

அது நேராக நெடுவாலனைத் தேடிப் போனது. நெடுவாலன் நாளைய பேச்சுக்காக மயில் நடையைப் பழகிக்கொண்டிருந்தது.

“ஐயா, கரையில் கலங்கல் நீர் கசிகிறது. ஒரு நடை வந்து பாருங்கள்.”

“வருகிறேன் அம்மா. இப்போது கொஞ்சம் வேலையாக இருக்கிறேன்.”

வடிவு இரண்டு நாள் காத்திருந்தது. யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் அது கூவுபாறைக்கே போய்விட்டது. காடு முழுவதும் கேட்கும் இடத்தில் சொல்லிவிட்டால் வேலை நடக்கும் என்று நினைத்தது.

நெடுவாலன் முகம் சுளிக்கவில்லை. “வாருங்கள், வாருங்கள். இரண்டு பக்கத்தாரையும் பேசவிட வேண்டும் என்பது விதி. இவர் ஒரு பக்கம், ஏரிப் பொறுப்பாளர் மறு பக்கம்” என்று வரவேற்றது.

வடிவு பாறையில் ஏறியது. அவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்ததும் அதற்கு நாக்குக் குழறியது. “கரையில்... என் வளையில் முதலில் ஈரம் வந்தது. அப்புறம்...”

“அம்மா, பக்கவாட்டிலேயே போகிறீர்களே. கொஞ்சம் நேராக விஷயத்துக்கு வாருங்கள்” என்றது நெடுவாலன்.

காடே அதிர்ந்து சிரித்தது. ஏரிக்குக் கீழே, பள்ளத்துப் புல்வெளியில் குட்டியோடு வாழ்ந்த சருகுமானும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நெடுவாலன் மறுபக்கம் தாவி, “கரை பலமாக இருக்கிறது” என்று பொறுப்பாளர் குரலில் சொல்லி, திரும்ப இந்தப் பக்கம் தாவி, “இரண்டு பக்கத்தையும் கேட்டீர்கள். இனி மயில் நடையைப் பார்ப்போமா?” என்றது.

வடிவு பாறையிலிருந்து இறங்கியது. அன்று அது நடந்த நடையைப் பார்த்தும் நாலு பேர் சிரித்தார்கள்.

வளைக்குத் திரும்ப அதற்கு மனம் வரவில்லை. கிண்கிணி கூடு கட்டியிருந்த மரத்தடிக்குப் போய் நின்றது. கிண்கிணி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது.

“எத்தனை நாளாகக் கசிகிறது?” என்று கேட்டது கிண்கிணி.

“நான்கு நாளாக.”

“தெளிவா, கலங்கலா?”

“கலங்கல். முதல் நாளைவிட இன்று கட்டியாக வருகிறது. அக்கா, நீங்களாவது நம்புகிறீர்களா?”

“நம்புவதும் நம்பாததும் இருக்கட்டும். நான் வந்து பார்க்கிறேன்.”

கிண்கிணி தன் துணையிடம் முட்டைகளை ஒப்படைத்துவிட்டுக் கரைக்குப் பறந்தது. கசிவு ஓடிய இடத்தில் இறங்கி நின்றது. கால் முழுவதும் செம்மண் குழம்பு ஒட்டிக்கொண்டது. கரையின் மேல்புறம் வடிவின் வளைக்கு நேராக ஒரு விரிசலும் தெரிந்தது. வளையிலிருந்து அந்த விரிசல்வரை மூன்று தடவை பறந்து பார்த்த பிறகே அது திரும்பியது.

மறுநாள் காலையில் தேன்சிட்டு பாறைக்கு வந்தபோது கிண்கிணி அங்கே உட்கார்ந்திருந்தது. தேன்சிட்டு நிம்மதியாக ஒதுங்கிக்கொண்டது.

“சேதி” என்று ஆரம்பித்தது கிண்கிணி. “கிழக்குக் கரையில் ஐந்து நாளாகக் கலங்கல் நீர் கசிகிறது. வடிவு சொன்னது உண்மை. நானே போய்ப் பார்த்தேன். கரையின்மேல் விரிசலும் இருக்கிறது. பள்ளத்தில் இருப்பவர்கள் இப்போதே மேட்டுக்கு ஏறிவிடுவது நல்லது.”

கூட்டம் சலசலத்தது. நெடுவாலன் பாறைமேல் தாவி ஏறியது.

“கிண்கிணி அம்மையார் அடைகாத்து அடைகாத்து...”

“உங்கள் பேச்சு நேரம் இன்னும் வரவில்லை” என்றது கிண்கிணி. “இது சேதி நேரம். நீங்கள் ஏரிப் பொறுப்பாளராக இருப்பதால் உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாகக் கரையில் எப்போது நடந்தீர்கள்?”

“கரையில் நடப்பதற்கு என்ன, நான் மயில் மாதிரியே நடப்பேன்.”

இரண்டு குரங்குகள் சிரித்தன.

“கடைசியாக எப்போது நடந்தீர்கள்?”

“எனக்குச் சாப்பிடவே நேரமில்லை என்று அன்றைக்கே சொன்னேனே.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சருகுமான் தன் குட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது.

“கடைசியாக எப்போது நடந்தீர்கள்?”

நெடுவாலன் மறுபக்கம் தாவப் பார்த்தது. தாவினாலும் கேள்வி கேட்பவர் இப்போது வேறொருவர் என்பது அதற்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டது.

“பதினெட்டு நாள் ஆகிறது” என்றது.

அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. சருகுமான் குட்டியை முன்னால் விட்டு மேட்டை நோக்கி ஓடியது. முள்ளம்பன்றிகள் வளையை விட்டு வெளியேறின. புள்ளிமான் கூட்டம் புல்வெளியைக் காலி செய்தது. நொண்டி மான் ஒன்றைக் கரடி தோளால் முட்டி முட்டி மேலே ஏற்றியது. நெடுவாலனும் சும்மா நிற்கவில்லை. புதருக்குப் புதர் ஓடி, தூங்கிக்கொண்டிருந்த முயல்களை எழுப்பிவிட்டது. அன்று கடைசியாக மேட்டில் ஏறியது அதுதான்.

உச்சி வெயில் நேரத்தில் கரை உடைந்தது. ஏரி முழுவதும் பள்ளத்தில் பாய்ந்தது. புல்வெளி இருந்த இடம் தெரியவில்லை. வடிவின் வளை போனது. நெடுவாலனின் குடும்பம் வாழ்ந்த கரையோரப் பொந்தும் போனது. மீன்கள் வெள்ளத்தோடு போயின. உயிர் மட்டும் யாருக்கும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து அவை கூடியது.

“இது நம்மை ஏமாற்றிவிட்டது. பொய்யன்!” என்று ஒரு குரங்கு கத்தியது.

நெடுவாலன் எழுந்து நின்றது. அதன் உடம்பெல்லாம் சேறு காய்ந்திருந்தது.

“நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய்யைவிட மோசமான ஒன்றைச் செய்துவிட்டேன். என்னைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் நானே போய் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த பிறகு எனக்கே என்மேல் சந்தேகம் வரவில்லை. வடிவு அம்மா, அன்று உங்களைப் பேச விடாமல் சிரிக்கவைத்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது” என்றது.

“எனக்கு வளை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்புத்தான் இன்னும் காதில் இருக்கிறது” என்றது வடிவு.

சருகுமான் தலையைத் திருப்பிக்கொண்டது. கரடி காலால் மண்ணைக் கிளறியபடி, “யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டவன் நான்தான்” என்று முணுமுணுத்தது.

மிளா பேசியது. “விதியில் ஓட்டை இருந்தது. அது தெரிந்தும் நான் தலையாட்டினேன். இனி சேதியானாலும் பேச்சானாலும், பதவி வகிப்பவர் பாறைக்குப் பதில் சொல்ல வரலாம். பாறையை நடத்த வரக் கூடாது. நெடுவாலா, உனக்கு நன்றாகப் பேச வருகிறது. பதவியை விட்டுவிட்டு வந்தால் பாறையில் நீ தாராளமாகப் பேசலாம். எது வேண்டும், நீயே சொல்.”

எல்லோரும் நெடுவாலன் பாறையைத்தான் கேட்கும் என்று நினைத்தார்கள். குரங்குகளுக்கு உள்ளூர அந்த ஆசையும் இருந்தது.

“கரை என் பொறுப்பில் இருந்தபோது உடைந்தது. நானே கட்டி முடிக்கிறேன். ஒரு வருஷம் விடுங்கள். பிறகு வேண்டாம் என்றால் இறங்கிவிடுகிறேன்” என்றது நெடுவாலன்.

“நான்கு நாளைக்கு ஒரு தடவை வந்து கேள்விக்குப் பதில் சொல்வாயா?”

“வருகிறேன்.”

கரை வேலை தொடங்கியது. காட்டுப்பன்றிகள் மண் தோண்டின, கரடி கல் உருட்டியது, நெடுவாலன் வேர்களையும் கொடிகளையும் பின்னி அடியில் வைத்தது. கிண்கிணியின் குஞ்சுகள் பறந்துபோன பிறகு, அது முழு நேரமும் பாறைக்குத் திரும்பியது.

அதன் பிறகு முதல் கேள்வி நாள் வந்தது. நெடுவாலன் சேற்றுக் கைகளோடு பாறையின் கீழே வந்து நின்றது. கிண்கிணி மேலே இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டது. எத்தனை முழம் எழும்பியிருக்கிறது? மழைக்குள் முடியுமா? முடியாவிட்டால் என்ன ஏற்பாடு? நெடுவாலன் சில கேள்விகளுக்குத் தடுமாறியது. ஒரு கேள்விக்கு, “தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்றது. அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் கடைசிக் கேள்வி முடியும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

பதில் சொல்லக் கடமைப்பட்டவரே கேள்வி கேட்கும் இடத்திலும் உட்கார்ந்துவிட்டால், ஊர் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.