இதில் எது பழசு?

கோவை நகைப் பட்டறையில் வேலை பார்த்தவள் சரசாத்தாள். "எனக்காகப் புதுத் தங்கத்துக்கு மலையைத் தோண்ட வேண்டாங்க்கா, பட்டறையில இருக்கற பழைய வளையல்களை உருக்கியே செய்யுங்க" என்று மணப்பெண் நறுமுகை கேட்டபடி ஆரம் செய்து வைத்தாள்.

விஷயம் தெரிந்து மாப்பிள்ளையின் அப்பா, மில் முதலாளி தெய்வசிகாமணி, பட்டறைக்கே வந்து குதித்தார். "யாரோ போட்டுக் கழிச்ச தங்கமா என் மருமகளுக்கு? இதுல இருக்கற பழசையெல்லாம் இப்பவே எடுத்தாகோணும். இல்லாட்டி கல்யாணமே இல்லை!"

நறுமுகைக்குக் கண் கலங்கிவிட்டது. சரசாத்தாள் ஆரத்தையும் கத்தரியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பழசு எதுன்னு தொட்டுக் காட்டுங்க, வெட்டி எடுத்துடறேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலிலும் பிடித்துப் பார்த்தார். "எல்லாமே புதுசாத்தானே இருக்குது!" என்று வாய்விட்டார்.

"அப்ப எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே!"

பட்டறையே சிரித்தது. நறுமுகை ஆரத்தை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மில் முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீயும் கல்யாணத்துக்கு வந்துரோணும் அம்மணி" என்றார்.