ஆட்டின் இடது காது

நான் சொல்லப்போகும் ஆறு இப்போது அந்த இடத்தில் இல்லை. ஊர்க்காரர்களோடு ஏதோ மனத்தாங்கல், இரண்டு ஊர் தள்ளிப் போய்விட்டது. அது அங்கே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் நடுவில் ஒரு தீவு இருந்தது. தீவில் ஒரு சித்திரக்கூடம்.

கூடத்தின் குரு அலங்காரி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவள் சுவரில் வரைந்த விளக்கை ஊதி அணைக்கப் பார்த்து மூச்சு வாங்கிய விருந்தாளிகள் பலர். ஒருவர் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

அவளிடம் பாடம் கேட்டவர்களில் எல்லோருக்கும் மூத்தவர் திருமேனி. அறுபதை நெருங்கியவர். அரண்மனை அடுக்களையில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவர். ஒரு மிடறு மோர் குடித்தால் போதும், அன்று காலை மாட்டைத் திட்டியது வீட்டுக்காரனா வீட்டுக்காரியா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட நாக்கு. ஆனால் காலமெல்லாம் அடுத்தவர் செய்ததைத்தானே தின்று பார்த்தோம், நம் கையால் ஒன்றாவது செய்து வைத்துவிட்டுப் போக வேண்டாமா என்று ஒருநாள் தோன்றிவிட்டது. வேலையை உதறிவிட்டுப் படகேறினார்.

கூடத்தில் பாடம் எளிது. சுண்ணாம்பு பூசிய பலகை, கரித்துண்டு, அழிக்க ஈரத்துணி. முதலில் கோடு. அப்புறம் வட்டம். அப்புறம் ஆடு. ஆட்டைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. வரைந்ததும் பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். ஒருவர் பலகையை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதுவும் பாடம்தான்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் சொன்ன சொல்லால் இன்னொருவர் கை நின்றுபோனால், சொன்னவரே அந்தக் கையை மறுபடி ஓட வைக்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டு பேரும் ஒரே படகில் ஊர் போய்ச் சேர வேண்டும்.

அன்று காலை மருதாயி மூட்டை கட்டிவிட்டாள்.

மருதாயி வலை பின்னுகிற குடும்பம். தூக்கத்திலும் அவள் விரல் சும்மா இருக்காது. ஒருமுறை ஆற்றங்கரையில் படுத்தவள் தன் கூந்தலையே வலையாகப் பின்னிவிட்டாள், விடிந்து பார்த்தால் அதில் இரண்டு கெண்டை. அவ்வளவு வேகமான கை, நேற்று மாலையிலிருந்து கரித்துண்டைத் தொடவில்லை.

செய்தி அடுக்களைக்குப் போனது. அன்று திருமேனியின் சமையல் முறை. கரண்டியும் கையுமாகக் குருவிடம் ஓடிவந்தார்.

"அம்மா, நான் என்ன பொய்யா சொன்னேன்? அவ வரைஞ்ச ஆட்டைப் பார்த்தேன். 'இதுல உயிர் இல்லை'ன்னு சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? உண்மையைச் சொன்னா படகா?"

அலங்காரி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். "கஞ்சி ஆச்சா, ஐயா?" என்று கேட்டாள்.

"ஆச்சு."

அடுக்களைக்கு வந்து ஒரு வாய் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல உயிர் இல்லை."

போய்விட்டாள்.

திருமேனி கஞ்சியை நக்கிப் பார்த்தார். அந்த நாக்குக்குத் தெரியாதா? உப்பு சரி, சீரகம் சரி, பதம் சரி. ஆனாலும் குரு சொல்லிவிட்டாளே. கொஞ்சம் உப்புப் போட்டார். அது கூடியதால் புளி. புளிப்பை அடக்க வெல்லம். வெல்லத்தை அடக்க மிளகு. கடைசியில் அது கொதிக்கிற விதமே அடுப்பை மிரட்டுகிற மாதிரி இருந்தது.

அந்தத் தீவில் ஒரு வெள்ளாடு உண்டு. படகுக்காரர் சாத்தையாவின் ஆடு. படகின் பாயைத் தின்றுவிட்டது, அதனால்தான் அவர் துடுப்புப் போடுகிறார். நங்கூரத்தையும் ஒருமுறை கடித்துப் பார்த்ததாம். திருமேனி கஞ்சியை அதற்கு ஊற்றினார். ஆடு முகர்ந்தது. அவரை ஒரு பார்வை பார்த்தது. நடையைக் கட்டியது.

திருமேனி குருவிடம் வந்து நின்றார்.

"நல்லா இருந்த கஞ்சி, அம்மா. கெடுத்துட்டேன்."

"ஏன்?"

"எதைச் சரி பண்ணணும்னு நீங்க சொல்லலையே!"

"உண்மையைச் சொன்னேனே, போதாதா?"

திருமேனி கரண்டியைக் கீழே வைத்தார். நேராக மருதாயியிடம் போனார். அவள் தன் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பலகை, பளிச்சென்று வெறுமையாக.

"உன் ஆடு எங்கே, தாயீ?"

"அழிச்சுட்டேன். உயிர் எங்க இல்லைன்னு தெரியலை. கொம்பு நல்லாத்தான் வந்திருந்துச்சு. அதையும் சேர்த்து அழிச்சுட்டேன்."

திருமேனிக்கு வியர்த்தது. "நான் சொன்னதை மறந்துடு. பிரமாதமான ஆடு! அற்புதம்! அரண்மனையில்கூட அப்படி ஒரு ஆடு கிடையாது!"

"பெரியவரே, படகைப் பார்த்துப் பயந்து புகழாதீங்க. நேத்து திட்டுனதாவது மனசிலேர்ந்து வந்துச்சு."

அக்கரையிலிருந்து சங்குச் சத்தம் கேட்டது. படகு கிளம்பிவிட்டது.

அலங்காரி அங்கே வந்தாள். ஆட்டைப் பிடித்து ஒரு வேப்பங்கொத்தைக் காட்டி நிறுத்தினாள். ஆட்டைப் பார்த்தபடி திருமேனியை உட்கார வைத்தாள். அவர் முதுகோடு முதுகு ஒட்டி, ஆட்டைப் பார்க்க முடியாதபடி மருதாயியை உட்கார வைத்தாள். பலகையை அவள் மடியில் வைத்தாள்.

"நான்தான் வரையறதில்லைன்னு சொல்லிட்டேனே, அம்மா."

"நீ வரைய வேண்டாம். படகு வர்றவரைக்கும் சும்மாதானே இருக்கப்போறே? அவர் சொல்றபடி கையை ஓட்டு. ஆடு அவருடையது. கை மட்டும் உன்னுது."

மருதாயிக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனது. கெட்டுப்போனால் பழி அவருக்கு. கரித்துண்டை எடுத்தாள்.

"சொல்லுங்க பெரியவரே."

"முதுகு போடு."

"எப்படிப்பட்ட முதுகு?"

"ஆட்டு முதுகுதான்!"

ஒரு கோடு இழுத்தாள். திருமேனி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "தப்பு!"

"எங்க தப்பு?"

"எல்லாமே தப்பு! நல்லாப் போடு!"

மருதாயி கரித்துண்டைக் கீழே போட்டாள். "நல்லா எந்தப் பக்கம் இருக்குன்னு சொன்னா கோட்டை அங்க கொண்டுபோறேன்."

இரண்டாவது சங்கு. படகு பாதி ஆற்றில்.

திருமேனி கண்ணை மூடிக்கொண்டார். அரண்மனை அடுக்களையில் சமையல்காரனிடம் என்ன சொல்லுவோம்? 'நல்லாச் சமை' என்றா? 'அரைக்கரண்டி நெய், இறக்குறதுக்கு முன்னாடி' என்றுதானே? கண்ணைத் திறந்தார். ஆட்டைப் பார்த்தார். தீவுக்கு வந்ததிலிருந்து தினம் அந்த ஆட்டைத்தான் வரைகிறார். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

"தாயீ! முதுகு நேரா இல்லை!"

"சொல்லுங்க."

"கழுத்தைத் தாண்டினதும் ஒரு சின்ன மேடு. அப்புறம் இறங்குது. தொட்டில் மாதிரி. இடுப்புக்கிட்ட மறுபடி மேடு, முதல் மேட்டைவிட உசரம்."

"பள்ளம் எவ்வளவு?"

"உன் கட்டைவிரல் படுத்துக்கிற அளவு."

கரித்துண்டு ஓடியது. திருமேனி எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் ஆழமாயிடுச்சு. அரைவிரல் மேலே. ஆங்! நிறுத்து! அதேதான்!"

"கழுத்து?"

"முன்னாடி நீட்டலை. மேலே போகுது, கோபத்துல நிக்கிற ஆள் மாதிரி."

"தாடி?"

"தாடி நேராத் தொங்கலை, இந்தப் பக்கம் காத்து... ஐயோ, நகருது! நகருது!"

வேப்பங்கொத்து தீர்ந்துவிட்டது. ஆடு கிளம்பிவிட்டது. திருமேனியும் எழுந்து அதனோடு ஓடினார். குனிந்து, தவழ்ந்து, அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு கத்தினார். மருதாயி திரும்பாமல் பதிலுக்குக் கத்தினாள்.

"கண்ணு எங்கே வருது?"

"கொம்புக்குக் கீழே! நெத்தியில இல்லை, பக்கவாட்டுல! அது முன்னாடி பார்க்கலை, தாயீ, ரெண்டு பக்கமும் பார்க்குது!"

"கண்பாவையை எப்படிப் போட?"

"படுக்கப் போடு! உண்டியல் வாய் மாதிரி!"

"நிசமாவா?"

"அடிச்சுச் சொல்றேன், படுத்துத்தான் கிடக்கு! இத்தனை நாள் வட்டமாப் போட்டுக்கிட்டிருந்தோமே, ரெண்டு பேரும்!"

ஆடு நின்றது. எதையோ இழுத்துத் தின்னத் தொடங்கியது. திருமேனி அதன் தாடையருகே படுத்துவிட்டார்.

"வாய், தாயீ, வாய்! மேலும் கீழும் ஆடலை. கீழ்த்தாடை பக்கவாட்டுல போகுது!"

"எதைத் தின்னுது?"

திருமேனி கொஞ்சம் தயங்கினார். "உன் மூட்டை."

"என் மூட்டையா?"

"சேலை முந்தானை உள்ளே போயிட்டிருக்கு. துரத்தட்டுமா?"

"அட, துரத்தாதீங்க பெரியவரே! தின்னட்டும்! தாடை இடப்பக்கமா வலப்பக்கமா, அதைச் சொல்லுங்க!"

அப்போதுதான் படகு கரையில் முட்டியது. சாத்தையா துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"ரெண்டு பேருன்னு சொன்னாங்களே, யாரு வர்றது?"

யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் மருதாயியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அடேய் கொள்ளையில போறவனே! என் பாயைத் தின்னது பத்தாதா? இங்க யாரு துணியைத் தின்னுக்கிட்டிருக்கே?"

பலகையைப் பார்த்துத்தான் திட்டினார். துடுப்பைக்கூட ஓங்கிவிட்டார். பின்னால் நிசமான ஆடு நின்று மென்றுகொண்டிருந்தது.

மருதாயி அப்போதுதான் திரும்பி ஆட்டைப் பார்த்தாள். பிறகு பலகையை. ஒரு கால் குட்டை, வால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஆனால் அந்த வாய், அந்த முழி! கையில் கரி அப்பியிருந்ததை மறந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முகத்தில் மீசை முளைத்தது.

"இடம் மாறி உக்காருங்க," என்றாள் அலங்காரி.

"அம்மா, படகு?" என்றார் சாத்தையா.

"நிக்கட்டும்."

இப்போது மருதாயி ஆட்டைப் பார்த்தாள். பலகை திருமேனியின் மடியில். ஆடு நின்றபடியே முந்தானையை அசைபோட்டது.

"முதுகுலேர்ந்து வரலாம், பெரியவரே. கழுத்தைத் தாண்டி..."

"தெரியும், தெரியும்." அவர் கை ஏற்கெனவே வால்வரை போய்விட்டிருந்தது.

மருதாயி எட்டிப் பார்த்தாள். "நான் சொல்றதுக்குள்ள போட்டுட்டீங்க. வயிறு ரொம்பத் தொங்குது. ரெண்டு விரல் மேலே தூக்குங்க."

"இல்லை தாயீ, அது நான் வேணும்னேதான். சினையா இருக்கிற ஆட்டுக்கு வயிறு அப்படித்தான்..."

"அது கிடா, பெரியவரே."

சாத்தையா சிரித்த சிரிப்பில் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் தானாகவே போய்விட்டது. இதை அவரே என்னிடம் சொன்னார்.

திருமேனிக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. வெயில் கண்ணில் பட்டது. கரி மட்டம். பலகை சாய்வு. அரண்மனை ஆடுகளுக்கு வயிறே வேறு மாதிரி. எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. வாயைத் திறந்தார். கருத்த விரலால் மருதாயி காற்றில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு விரல் அளவைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டார். ஈரத்துணியை எடுத்து வயிற்றை அழித்தார்.

"ரெண்டு விரலா, தாயீ?"

"ரெண்டு விரல். பின்னங்காலுக்கு வர்றப்போ இன்னும் கொஞ்சம் ஏறுது."

"இப்படியா?"

"இன்னும். இன்னும். போதும்!"

அப்புறம் அவர்கள் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னாள், அவர் அழித்தார், போட்டார். மற்ற மாணவர்களும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து முதுகோடு முதுகு உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டைச் சுற்றி ஒரே கூச்சல். "கொம்பு வளையட்டும்!" "எவ்வளவு?" "அரிவாள் அளவு!" "யாரு அரிவாள்?" தன்னைப் பற்றி இத்தனை பேர் பேசுவதைக் கேட்டு அந்த ஆடு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, தின்பதை நிறுத்தியது.

சாத்தையா படகை நீந்திப் பிடித்து, ஆளில்லாமல் அக்கரைக்குப் போனார்.

வெயில் சாய்ந்தது. திருமேனி எழுந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. தன் பலகையை இரண்டு கையாலும், கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து குருவின் முன்னால் வைத்தார். தன் கையால் செய்ததில், வைத்துவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றிய முதல் பண்டம். மருதாயி பின்னாலேயே வந்து நின்றாள்.

"அம்மா." என்றார் திருமேனி. "இதுல உயிர் இருக்கா?"

அலங்காரி பலகையைப் பார்த்தாள். எழுந்து போய் ஆட்டைப் பார்த்தாள். வந்து மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"இடது காது," என்றாள். "அரைவிரல் கீழே."